வேலூருக்கு வாய்த்த அத்தை

மணம் செய்து கொண்டவரல்லர், மகவு பெற்றவரல்லர். என்றாலும் அவரை 'ஐடா அத்தை' என்றழைக்க ஒரு பெருங்குடும்பமே இருந்தது! மாணவியர் அழைத்தனர், செவிலியர் அழைத்தனர், படித்துப் பட்டம் பெற்று டாக்டரான பின்னரும் அப்படியே அழைத்தனர். 89 ஆண்டு வாழ்ந்து, 1960 மே திங்களில் கொடைக்கானலிலே கண்மூடிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைத்தான் சொல்கிறோம்.

வெள்ளைக்காரச் சீமாட்டியைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று கேட்கும் தோழர் இருக்கக்கூடும். அவர் பிறந்தது சீமையிலே அல்ல, நம் இராணிப்பேட்டையிலே! 1870 டிசம்பர் 9. தந்தையும் பாட்டனும் மருத்துவப் பாதிரிமார். ஆறேழு வயதில், 1876-78 பெரும்பஞ்சத்தில், பசியால் துவண்ட குழந்தைகளின் வாயிலே ரொட்டித் துண்டு வைத்த பிஞ்சுக்கை அவருடையது. கண்டது கசந்தது. அமெரிக்கா சென்று படித்தார். இந்த நாட்டுப் பக்கம் இனித் தலைவைத்தும் படுப்பதில்லை என்றிருந்தார். நோயுற்ற தாயைக் காணத்தான், கொஞ்ச நாளைக்கென்று, திண்டிவனம் வந்தார்.

ஒரு நாள் இரவு. கதவைத் தட்டினார் ஒரு பிராமணர். "மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வாருங்கள்" என்றார். மனைவிக்கு வயது 14! "எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தை டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆடவன் தொடுவதா? ஆகாது! திரும்பிப் போனார். அடுத்து வந்தவர் ஓர் இசுலாமியர். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றொரு மேல்சாதி இந்து. பொழுது விடிந்தது, மூன்று பெண்களும் பிணமாயினர்.

வந்த மூவரும் கல்நெஞ்சர்களல்லர். கல்நெஞ்சனா நள்ளிரவில் ஓடி வருவான்? வழக்கத்துக்கு அஞ்சினார்கள். கடவுள் வேறு, வேதம் வேறு, உண்ணும் பந்தி வேறு. பெண் செத்தாலும் சாகட்டும், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதிலே மட்டும் எத்தகைய ஒற்றுமை! அம்மையார் அந்த இரவை ஆண்டவன் அழைப்பு என்று கொண்டார். அது அவர் நம்பிக்கை. கைக்கெட்டும் தூரத்திலே டாக்டர் இருந்தார், மூன்று உயிர் போயிற்று. நம் கண்ணுக்குப் படுவது அது.

திரும்பிச் சென்றார் அமெரிக்காவுக்கு. 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலே பட்டம். பெண்களைச் சேர்த்துக் கொண்ட முதல் வகுப்பு அது. 1900-இல் வேலூர். துணை நிற்க வேண்டிய தந்தை அந்த ஆண்டே மறைந்தார். மனைவியை இழந்த நியூயார்க் வங்கியாளர் ஒருவர் அவள் நினைவுக்கென்று 10,000 டாலர் தந்திருந்தார். 1902-இல் எழுந்தது 40 படுக்கை கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை.

நோயாளி வர அஞ்சினால் நாம் போவோம் என்று குடியாத்தம் சாலையிலே புறப்பட்டார். மரத்தடியே மருந்தகம். முதன்முதலாக மோட்டாரிலே போனபோது, பேய் வருகிறதென்று மக்கள் ஓடினார்களாம்! ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் ஷாப்பிலே தோலும் சுண்ணாம்புமாய் மல்லாடும் தோழனே, உன் வீட்டுத் தலைப்பிரசவம் சிக்கலானால், வண்டியை எங்கே விடச் சொல்கிறாய்? வேலூருக்குத்தானே!

தான் ஒருத்தி எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? இந்த நாட்டுப் பெண்களே டாக்டராக வேண்டும். 1909-இல் செவிலியர் பள்ளி. 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. "மூன்று பேர் மனுப் போட்டாலே பெரிது" என்றார் மருத்துவத் துறையின் மேலதிகாரி. வந்த மனுக்கள் 151! இடமில்லையென்று பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அடுப்பங்கரையில் அடைபட்டுக் கிடந்தவளுக்கு அறிவுத் தாகம் இல்லையென்று எவர் சொன்னது?

பிறகு வந்தது சட்டச் சிக்கல். பழைய படிப்பு செல்லாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்து, இல்லையேல் மூடு என்ற நிலை. எழுபதைக் கடந்த அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று; கல்லூரி பிழைத்தது.

ஆடவன் கை படக்கூடாது என்று கதவடைத்த நாட்டிலே, பெண்களுக்கென்றே எழுந்த அந்தக் கல்லூரியின் கதவை, எங்களுக்கும் இடம் வேண்டுமென்று ஆடவர் வந்து தட்டினர். 1947-இல் அவர்களையும் உள்ளே சேர்த்துக் கொண்டது அத்தையின் குடும்பம்.