நம் ஊர் ஸ்லைட்டைப் பார்த்த கணினிதானா?

சதைத்துண்டு எடுத்தாயிற்று, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. நாவிதன்வெளி, சவளக்கடை, மத்தியமுகாம் பக்கத்து வீடொன்றில் புற்றுநோய்ச் சந்தேகம் வந்துவிட்டால் முதல் வேதனை இந்தக் காத்திருப்புத்தான். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனை வைத்தியசாலைக்குப் போவதே பெரும்பாடு. சிகிச்சை மட்டக்களப்பிலோ மஹரகமவிலோ என்றால் அலைச்சல் இன்னும் கூடும். இந்தச் சுமையைக் கணினி குறைக்குமா?

எடுத்த சதையை ஃபோமலினில் இட்டு, மெழுகில் பதித்து, தலைமயிரை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவார்கள். அதுதான் ஸ்லைட். நோயியல் நிபுணர் அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிவு எழுதுவார். ஸ்லைட்டை ஸ்கேன் செய்தால் அதே படத்தைத் தொலைவிலுள்ள நிபுணரும் பார்க்கலாம், அல்கோரிதம் எனும் கணினி நிரலும் பார்க்கலாம்.

அல்கோரிதம் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த ஒரு போட்டி நல்ல சாட்சி. மார்புப் புற்றுநோய் நிணநீர்க்கணுவுக்குப் பரவியிருக்கிறதா என்று 129 ஸ்லைட்டுகளில் தேட வேண்டும். நேரக் கட்டுப்பாட்டோடு பார்த்த 11 நிபுணர்களைச் சிறந்த அல்கோரிதம் முந்திவிட்டது. மிகச் சிறிய பரவல் மட்டும் இருந்த ஸ்லைட்டுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அந்த 11 பேரில் மிகத் திறமையானவரே தவறவிட்டார். ஆனால் நேரக் கட்டுப்பாடின்றி, ஏறத்தாழ 30 மணித்தியாலம் செலவிட்டுப் பார்த்த ஒரு நிபுணர் கணினிக்குச் சமமாக நின்றார். 2017 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: நிபுணரிடம் திறமை இருக்கிறது, நேரம்தான் இல்லை. எந்த ஸ்லைட்டை முதலில் பார்க்க வேண்டும், அதில் எந்த மூலையை உற்றுப்பார்க்க வேண்டும் என்று காட்டுவதுதான் கணினியின் வேலை. கையொப்பம் மனிதருடையதாகவே இருக்க வேண்டும்.

2021 செப்டெம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்த, புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயைத் தேடும் ‘பேஜ் புராஸ்டேட்’ மென்பொருளும் அப்படித்தான் இயங்குகிறது. 16 நிபுணர்கள் 527 ஸ்லைட் படங்களைப் பார்த்த சோதனையில், அதன் துணையோடு புற்றுநோயைக் கண்டுபிடிப்பது சராசரியாக 7.3 வீதம் கூடியது.

இத்தகைய மென்பொருளை அப்படியே வாங்கி வந்து கல்முனையில் வைத்துவிடலாமா? கூடாது. நெதர்லாந்துப் போட்டியின் ஸ்லைட்டுகள் அந்நாட்டின் இரண்டு வைத்தியசாலைகளில் இருந்து வந்தவை. சாயத்தின் அடர்த்தியும் ஸ்கேனரும் மாறினால் அல்கோரிதம் தடுமாறும். நோயும் வேறு. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு வருவது. அந்த நோயின் ஸ்லைட்டுகளை நிறையப் பார்க்காத கணினியை நம் நோயாளி எப்படி நம்புவார்?

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 714 பேரின் 3,000 வாய்ப் படங்களைத் திரட்டி, நிபுணர்களைக் கொண்டு குறியிட்டுத் தந்திருக்கிறார்கள். அவை ஸ்லைட்டுகள் அல்ல, வாயின் புகைப்படங்கள். என்றாலும் நம் நோயாளிகளிடமிருந்தே தொடங்கும் இந்த வழிதான் சரி. கிழக்கின் வைத்தியசாலைகளிலுள்ள பழைய ஸ்லைட்டுகளையும் இவ்வாறு ஸ்கேன் செய்து குறியிட வேண்டும். எந்த நிறுவனம் மென்பொருள் விற்க வந்தாலும், அதை முதலில் அந்த ஸ்லைட்டுகளில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் சதைத்துண்டு எடுத்த பிறகுதான். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், நோவு இல்லையென்று விட்டுவிடாமல் பல் கிளினிக்கில் உடனே காட்டுங்கள்.