எம்.சி.பி. விழுகிறதா? கோபிக்காதீர்கள்!

"கெய்சரும் கரண்ட் அடுப்பும் சேர்த்துப் போட்டா விழுந்துடுதா? 16 ஆம்பியரை எடுத்துட்டு 32 போட்டுடறேம்மா" என்றார் எங்கள் வீட்டுக்கு வந்த எலெக்ட்ரீஷியன். நான் சம்மதிக்கவில்லை.

3000 வாட் கெய்சரும் 2000 வாட் அடுப்பும் ஒரே லைனில் ஓடினால் 22 ஆம்பியர் இழுக்கும். சுவருக்குள் இருப்பதோ 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். 32 போட்டால், ஒயர் சூடாகிக் கருகினாலும் எம்.சி.பி. விழாமல் இருந்துவிடும்! அடுப்புக்குத் தனி லைன் இழுக்கச் சொன்னேன்.

இளம் தாய்மார்களே, இன்னொன்று. குழந்தை கை பட்டு ஷாக் அடித்தால் எம்.சி.பி. காப்பாற்றாது. உயிரைப் பறிக்க ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதுமே! அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். மாதா மாதம் அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். 'டக்'கென்று விழாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.