புவி வெப்பமாதல்: காரணம் மனிதரே என்பது எவ்வாறு உறுதியாயிற்று?

புவி வெப்பமடைந்து வருவதை வெப்பமானிகளின் பதிவுகளே காட்டிவிடுகின்றன. ஆனால், அதற்கு மனிதரின் செயல்கள்தான் காரணமா, அல்லது சூரியன், எரிமலை, கடல் ஆகியவற்றின் இயல்பான ஏற்ற இறக்கங்கள் காரணமா என்ற வாதம் பொதுவெளியில் இன்னும் ஓயவில்லை. ஐ.நா.வின் ஆதரவில் 1988-இல் அமைக்கப்பட்ட ஐ.பி.சி.சி. என்னும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு, மனிதரின் தாக்கம் புலப்படுவதாக 1995-இல் தயக்கத்தோடு கூறியது. சான்றுகள் சேரச் சேரத் தன் சொற்களை உறுதியாக்கிக்கொண்டே வந்து, 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் அத்தாக்கம் ஐயத்துக்கு இடமற்றது என்று அறிவித்தது. அந்த உறுதி ஒற்றை ஆய்வைச் சார்ந்ததன்று. வெப்பத்தை உயர்த்தக்கூடிய ஒவ்வொரு காரணமும் வெவ்வேறு தடயத்தை விட்டுச்செல்லும் என்பதால், அத்தடயங்களைத் தனித்தனியே சோதித்து எட்டப்பட்ட முடிவு அது.

பழைய இயற்பியல்

பூமியிலிருந்து வெளியேற முயலும் வெப்பக் கதிர்களை உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை மீண்டும் தரையை நோக்கி அனுப்பும் வாயுக்களே பசுமை இல்ல வாயுக்கள் எனப்படுகின்றன. கார்பன் டை ஆக்சைடுக்கும் நீராவிக்கும் இப்பண்பு உண்டு என்பதை ஜான் டிண்டால் 1859-இல் தொடங்கிய ஆய்வுகளில் அளந்து காட்டினார். கார்பன் டை ஆக்சைடு பெருகினால் பூமி எவ்வளவு வெப்பமடையும் என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் 1896-இலேயே கணக்கிட்டார். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களும் இவ்வகை வாயுக்களே என்று 1975-இல் நிறுவியவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன்.

கார்பனின் பிறப்பிடம்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 280 ஆக இருந்த கார்பன் டை ஆக்சைடு, சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 ஆக உயர்ந்திருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. அண்டார்க்டிகாவின் பனிப்படலத்துக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகளின்படி, கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், தொழில் யுகத்துக்கு முன்னர், அது 300-ஐத் தாண்டியதாகவே தெரியவில்லை.

கடலும் காடுகளும் மனிதரைக் காட்டிலும் பன்மடங்கு கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றனவே என்ற எதிர்வாதம் பாதி உண்மையையே சொல்கிறது. ஏனெனில், அவை வெளியிடுவதைவிட அதிகமாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மனிதர் வெளியேற்றுவதில் ஏறத்தாழப் பாதியை அவையே ஏற்றுக்கொள்கின்றன; அதில் கடல் ஏற்கும் பங்கினால்தான் கடல்நீரின் அமிலத்தன்மை கூடிவருகிறது.

இன்னும் நேரடியான சான்று ஐசோடோப்புகளில் இருக்கிறது. ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபடும் அணுவகைகளே ஐசோடோப்புகள். அவற்றுள் கதிரியக்கம் கொண்ட கார்பன்-14, சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்திருந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது எஞ்சியிருப்பதில்லை. எனவே, அவை எரிக்கப்படும்போது காற்றில் கார்பன்-14-இன் விகிதம் குறைய வேண்டும். அவ்வாறே குறைந்திருப்பதை ஹான்ஸ் சூயஸ் 1955-இல் மரக்கட்டைகளை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். தாவரங்கள் குறைவாகவே ஏற்கும் கார்பன்-13-இன் விகிதமும் காற்றில் சரிந்துவருவதால், புதிதாகச் சேரும் கார்பன் பண்டைய தாவர உயிர்ப்பொருளிலிருந்து வந்தது என்பது உறுதிப்படுகிறது.

சூரியனும் எரிமலையும்

சூரியனின் ஆற்றல் 1978 முதல் செயற்கைக்கோள்களால் அளக்கப்படுகிறது. 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குகிறதே தவிர, வெப்பநிலை உயர்ந்த இக்காலத்தில் தொடர்ந்து கூடவில்லை. மேலும், சூரியனே காரணமாயின் வளிமண்டலம் முழுவதும் வெப்பமாகியிருக்க வேண்டும். உண்மையிலோ தரையை ஒட்டிய அடுக்கு வெப்பமடைய, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கார்பன் டை ஆக்சைடு பெருகினால் இவ்வாறே நிகழும் என்று சியூகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-இலேயே கணித்திருந்தனர். மனாபேவுக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எரிமலைகள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடோ, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவை அனைத்தையும் சீர்தூக்கிய ஐ.பி.சி.சி., 1850-1900 காலத்துக்கும் 2010-2019 காலத்துக்கும் இடையே மனிதரால் ஏற்பட்ட வெப்ப உயர்வு சுமார் 1.07 டிகிரி செல்சியஸ் என்றும், சூரியன், எரிமலை ஆகியவற்றின் பங்கு 0.1 டிகிரியைத் தாண்டாது என்றும் மதிப்பிட்டது.

எஞ்சியுள்ள விவாதம்

கார்பன் டை ஆக்சைடு இருமடங்கானால் வெப்பநிலை எவ்வளவு உயரும், மேகங்கள் அதை எவ்வளவு பாதிக்கும் என்பன போன்ற கேள்விகளில் ஆய்வு தொடர்கிறது. எந்த நாடு எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்பதிலும் நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு. அவற்றை விவாதிப்பது தேவையானது. காரணம் எது என்ற தீர்ந்த கேள்வியை மீண்டும் மீண்டும் எழுப்புவதோ, செயலுக்கான காலத்தைத்தான் வீணாக்குகிறது. மனிதரே காரணம் என்பதால் தீர்வும் மனிதரின் கையிலேயே இருக்கிறது. நிலக்கரி, பெட்ரோலியப் பயன்பாட்டை எவ்வளவு விரைவாகக் குறைப்பது என்பதே இனி அரசுகளும் மக்களும் விடைகாண வேண்டிய கேள்வி.