கம்பியில்லா ஹெட்செட்டின் எட்டுந் தூரம்

பெங்களூரின் வெளிவட்டச் சாலை, ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி ஆகிய பகுதிகளிலுள்ள பெரிய அலுவலகங்களில், ஒரே தளத்தில் நூற்றுக்கணக்கானோர் அருகருகே அமர்ந்து நாள் முழுவதும் தொலைபேசியில் உரையாடுவதைக் காணலாம். செவியில் கம்பியில்லா ஹெட்செட். கம்ப்யூட்டரில் நகத்தளவான அடாப்டர். இரண்டிற்கும் இடைத்தூரம் ஒரு முழத்திற்கு மேல் இராது. எனினும் குரல் விட்டுவிட்டுக் கேட்பதுண்டு. நோயாளிக்குச் சொல்லப்படும் மருந்தளவில் ஒரு இலக்கம் காற்றில் மறைந்துபோனால் விளைவு அற்பமன்று.

கருவியின் சக்தி போதவில்லை என்றே பலரும் எண்ணுவர். நெருக்கமான கூடங்களில் காரணம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகும். ஒவ்வொரு கருவியும் தேவைக்கு மேல் தொலைவு எட்டுகிறது.

இக்கருவிகளில் பெரும்பாலானவை புளூடூத் முறையில் இயங்குபவை. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. இதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 2005 ஜனவரியில் இந்திய அரசு இப்பகுதியைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிட்டது. உரிமம் வேண்டாம் என்ற சலுகையுடன் ஒரு நிபந்தனையும் உண்டு: பிறருக்கு இடையூறு செய்யலாகாது, பிறரால் நேரும் இடையூற்றிலிருந்து பாதுகாப்புக் கோரவும் இயலாது. ஆகவே வை-ஃபை கருவிகளும், நுண்ணலை அடுப்பின் கசிவும், அண்டை மேசையின் ஹெட்செட்டும் இதே சந்தையில் கூவுகின்றன.

இந்நெரிசலில் புளூடூத் பிழைத்திருப்பது அதன் தாவும் இயல்பினால். 79 கால்வாய்களிடையே விநாடிக்கு 1600 முறை வரை தாவுகிறது. 2003-இல் வந்த 1.2 பதிப்பு முதல், இரைச்சல் மிக்க கால்வாய்களை அறிந்து ஒதுக்கவும் அதனால் இயலும். ஆனால் எல்லாக் கால்வாய்களிலும் நெரிசல் மிகுந்தால் ஒதுங்க இடமேது?

இங்கே எளிய கணக்கு ஒன்று உதவும். மேசைக்கு 4 சதுர மீட்டர் வீதம் ஆட்கள் அமர்ந்துள்ளதாகக் கொள்வோம். ஒரு கருவி 20 மீட்டர் எட்டினால் அதன் வட்டத்துள் சுமார் 314 மேசைகள் அடங்கும். 10 மீட்டராகக் குறைத்தால் 78. 5 மீட்டரானால் 20-க்கும் குறைவு. தூரம் பாதியானால் பரப்பு கால்பங்காகும். திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கச் சக்தியையும் கால்பங்காக்க வேண்டும். வட்டத்தின் விளிம்பில் அலை திடீரென நின்றுவிடுவதில்லை என்பது உண்மையே. குரலைத் தாங்கும் வலிமைதான் அங்கு முடிகிறது. அதற்கப்பால் அது மெலிந்த இரைச்சலாகப் பரவும்.

சில ஹெட்செட்டுகளுடன் வரும் மென்பொருளில் ‘சாதாரணம், குறைவு, மிகக் குறைவு’ என எட்டுந் தூரத்தைத் தெரிவு செய்யும் வசதி உள்ளது. பயன்படுத்துபவர் ஒருமுனையை மட்டும் நோக்குதல் தவறு. பேச்சு இருவழிப் பயணம். அடாப்டர் மெல்லப் பேச, ஹெட்செட் உரக்கக் கூவினால் அண்டை வீட்டாருக்குப் பயனில்லை. ஒருமுனை மறுமுனையைப் பார்த்து ‘குறை’, ‘கூட்டு’ என்று கேட்கும் ஏற்பாடு புளூடூத் நெறியிலேயே உண்டு.

முறை இதுவே: முதலில் மிகக் குறைந்த நிலையில் வைத்து, பேசிக்கொண்டே வழக்கமாக நடக்கும் எல்லை வரை சென்று திரும்புதல் வேண்டும். குரல் உடைந்தால் ஒரு படி உயர்த்துக. இச்சோதனையை ஆட்கள் நிறைந்த வேளையில் செய்வதே பொருத்தம். காலியான கூடத்தில் எல்லாக் கருவியும் நன்றாகவே பேசும்.

சக்தியை உயர்த்துமுன் வேறிரண்டைக் கவனிக்கலாம். மனித உடலிலுள்ள நீர் இவ்வலைகளை உறிஞ்சும். இடது புறத்தில் அடாப்டரும் வலது செவியில் ஏற்பியும் இருந்தால் தலையே தடுப்புச் சுவராகும். மேலும், யு.எஸ்.பி. 3.0 இணைப்புகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுவதை இன்டெல் நிறுவனம் 2012-இல் விளக்கியது. சிறு நீட்டிப்புக் கம்பியால் அடாப்டரை அங்கிருந்து விலக்குவது பலவேளை போதுமானது.

தூரம் என்பது சக்தியை மட்டும் சார்ந்ததன்று என்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு சான்று உண்டு. அலுவலக ஹெட்செட்டுகள் சிலவற்றில் பயன்படும் டெக்ட் என்னும் முறையையே அடிப்படையாகக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் 1990-களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட், கிராமங்களுக்குத் தொலைபேசி வழங்கியது. உயர்ந்த கோபுரமும் நேர்ப்பார்வையும் இருந்தமையால் அது 10 கிலோமீட்டர் எட்டியது. இடைநிலைய உதவியுடன் 25 கிலோமீட்டர். அலுவலகக் கூடத்தில் அதே முறை சுவர்களுக்கிடையே சில பத்து மீட்டர்களிலேயே தளர்ந்துவிடும்.

பள்ளியில் இதனைக் காட்ட ஒரு ஹெட்செட்டும் அளவு நாடாவும் போதும். குரல் உடையும் தூரத்தை மூன்று நிலைகளிலும் அளந்து, பின்னர் அடாப்டரை உள்ளங்கையால் மூடி மீண்டும் அளந்து, மாணவர் அட்டவணையில் எழுதலாம்.