ஜாவா இயங்கு ஜாருக்குள் உள்ளக நூலகங்களைச் சேர்த்தல்

ஜாவாவில் எழுதிய ஒரு நிரலையும் அது சார்ந்திருக்கும் நூலகங்களையும் ஒன்றாகக் கட்டி, ஒரே கட்டளையில் இயங்கும் கோப்பாகத் தரலாம். இப்படி உருவாகும் கோப்பை நிரலாளர்கள் ஃபேட் ஜார் அல்லது ஊபர் ஜார் என்பார்கள். சேர்க்க வேண்டிய நூலகம் மேவன் சென்ட்ரல் போன்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து இறங்காமல், திட்டத்தின் லிப் கோப்புறையில் வெறும் ஜார் கோப்பாகக் கிடந்தால் அது உள்ளக நூலகம். பில் அச்சு இயந்திரத்துடன் வரும் நூலகம், நிறுவனத்துக்குள் யாரோ எப்போதோ எழுதிவைத்தது, நண்பரிடமிருந்து பென்டிரைவில் வந்தது எல்லாம் இந்த வகைதான்.

இங்கே கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிபெயர்ப்பில் உள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

ஒரு மாணவர் கடைக்கான பில் போடும் நிரல் எழுதுகிறார் என்று கொள்வோம். பிடிஎஃப் உருவாக்கும் நூலகம் ஒன்று லிப் கோப்புறையில் இருக்கிறது. அவருடைய கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஜார் கோப்பை மட்டும் ஆய்வகக் கணினிக்கு எடுத்துச் சென்றால் திரை வருகிறது, பொருள்களைப் பதிய முடிகிறது. 'பில் அச்சிடு' பொத்தானை அழுத்தியதும் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் என்ற பிழை எழுகிறது. ஜாவா ஒரு கிளாஸைப் பொதுவாக அது முதன்முதலில் தேவைப்படும்போதுதான் ஏற்றும். அதனால் நூலகம் இல்லை என்பது தொடக்கத்தில் தெரியாது. கம்பைல் செய்யும்போது நூலகத்தைக் காட்டுவது ஒரு வேலை, அதை இறுதிக் கோப்புக்குள் வைப்பது வேறு வேலை. குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றென எண்ணுவதால் வருகிறது.

ஜாரின் உள்ளமைப்பு

ஜார் வடிவம் 1997இல் ஜாவா 1.1 உடன் வந்தது. அடிப்படையில் அது ஸிப் கோப்புதான். பெயரின் நீட்சியை மாற்றினால் எந்த ஸிப் மென்பொருளிலும் திறந்து பார்க்கலாம். உள்ளே மெட்டா-இன்ஃப் என்ற கோப்புறையும் அதில் மேனிஃபெஸ்ட் கோப்பும் இருக்கும். எந்த கிளாஸிலிருந்து இயங்கத் தொடங்க வேண்டும் என்பதை மெயின்-கிளாஸ் என்ற வரி சொல்லும். வெளியே உள்ள நூலகங்களைத் தேட வேண்டிய இடத்தை கிளாஸ்-பாத் என்ற வரி சொல்லும். மேனிஃபெஸ்டைக் கையால் எழுதுவோர் கடைசி வரிக்குப் பின் ஒரு புதுவரி விட வேண்டும். விடாவிட்டால் அந்த வரி சரியாகப் படிக்கப்படாது.

'ஜாவா -ஜார்' என்று இயக்கும்போது கட்டளையில் தரும் '-சிபி' என்ற கிளாஸ்பாத்தை ஜாவா பொருட்படுத்தாது. கணினியின் கிளாஸ்பாத் மாறியையும் பார்க்காது. மேனிஃபெஸ்டில் உள்ளதே செல்லும். மேலும், ஒரு ஜாருக்குள் இன்னொரு ஜாரை அப்படியே போட்டுவைத்தால் ஜாவாவின் வழக்கமான கிளாஸ் லோடருக்கு அதைத் திறக்கத் தெரியாது. கோப்பின் அளவு பெரிதாகியிருப்பதைப் பார்த்து நூலகம் சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

மூன்று வழிகள்

எக்லிப்ஸில் இயங்கு ஜாராக ஏற்றுமதி செய்யும் சாளரம் மூன்று தெரிவுகளைக் காட்டும். உலகில் உள்ள வழிகளும் ஏறத்தாழ அந்த மூன்றுதான். நூலகங்களைப் பிரித்து அவற்றின் கிளாஸ்களை நம் கிளாஸ்களோடு கலந்து ஒரே ஜாராக்குவது முதல் வழி. மேவனின் ஷேட் செருகுநிரல் செய்வது இதையே. நூலக ஜார்களை உடைக்காமல் உள்ளே வைத்து, அவற்றைப் படிக்கத் தெரிந்த தனி லோடரையும் கூட அனுப்புவது இரண்டாவது; ஸ்பிரிங் பூட் இப்படிச் செய்கிறது. ஜாருக்குப் பக்கத்தில் ஒரு கோப்புறையில் நூலகங்களை வைத்து, மேனிஃபெஸ்டில் வழி காட்டுவது மூன்றாவது. ஒரே கோப்பு என்ற கவர்ச்சி மூன்றாவதற்கு இல்லை. ஆனால் உடைவது குறைவு, ஒரு நூலகத்தை மட்டும் மாற்றுவதும் எளிது. கட்டாயம் இல்லாவிட்டால் அதையே முதலில் முயலலாம்.

மேவனிலும் கிரேடிலிலும்

மேவனில் உள்ளக ஜாரைச் சேர்க்க இணையத்தில் அதிகம் கிடைக்கும் அறிவுரை, பாம் கோப்பில் ஸ்கோப் என்ற இடத்தில் சிஸ்டம் என்று எழுதி ஜாரின் பாதையைக் கொடுப்பது. கம்பைல் உடனே நடக்கும். ஆனால் சிஸ்டம் என்பதன் பொருள், 'இயங்கும் கணினியில் இந்த நூலகம் ஏற்கெனவே இருக்கும், நீ கொண்டுபோக வேண்டாம்' என்பது. ஜாவா நிறுவலோடு வரும் கோப்புகளைக் குறிக்க ஏற்பட்ட வசதி அது. எனவே ஷேட், அசெம்பிளி ஆகிய செருகுநிரல்கள் வழக்கமான அமைப்பில் அதை இறுதி ஜாரில் சேர்ப்பதில்லை. ஸ்பிரிங் பூட்டின் செருகுநிரலில் மட்டும் சிஸ்டம் நூலகங்களையும் சேர்க்கும்படி தனியாகச் சொல்லலாம். மேவன் ஆவணங்கள் இந்த ஸ்கோப்பைக் கைவிடச் சொல்கின்றன.

சரியான வழி, 'இன்ஸ்டால்-ஃபைல்' கட்டளையால் அந்த ஜாருக்கு ஒரு குழுப்பெயர், நூலகப்பெயர், பதிப்பெண் கொடுத்துக் களஞ்சியத்தில் நிறுவுவது. பின்பு மற்ற நூலகங்களைப் போலவே பாமில் எழுதலாம், ஷேட் அதையும் சேர்த்துக்கொள்ளும். இங்கும் ஒரு குறை உண்டு: அந்தக் களஞ்சியம் நம் கணினியின் எம்2 கோப்புறையில் இருக்கிறது. குழுவில் இன்னொருவர் திட்டத்தை எடுத்துக் கட்டினால் அவரிடம் அது இராது. திட்டத்துக்குள்ளேயே ஒரு கோப்புறையைக் களஞ்சியமாக அறிவித்து, ஜாரை மேவனின் கோப்புறை ஒழுங்கில் அங்கே வைத்துவிட்டால் சிக்கல் தீரும். பெரிய நிறுவனங்கள் இதற்கு நெக்ஸஸ் போன்ற வழங்கியை வைத்திருக்கும்.

கிரேடிலில் 'இம்ப்ளிமென்டேஷன் ஃபைல்ஸ்' என்று ஒரு வரியில் உள்ளக ஜாரைக் காட்டலாம். அதன் ஜார் பணியும் நூலகங்களைத் தானாக உள்ளே வைக்காது. ரன்டைம் கிளாஸ்பாத்தில் உள்ளவற்றைப் பிரித்துச் சேர்க்கும்படி சொல்ல வேண்டும், அல்லது ஷேடோ செருகுநிரலைப் பயன்படுத்த வேண்டும்.

இரு கருவிகளுக்கும் பொதுவான ஒன்று: உள்ளக ஜார் வேறு எந்த நூலகங்களைச் சார்ந்தது என்று கருவிக்குத் தெரியாது. அவற்றை நாமே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

கலக்கும்போது உடைவன

இரண்டு நூலகங்களில் ஒரே பாதையில் ஒரே பெயரில் கோப்பு இருந்தால், கலந்த ஜாரில் ஒன்றே மிஞ்சலாம். இதில் அதிகம் அடிபடுவது மெட்டா-இன்ஃபுக்குள் இருக்கும் சர்வீசஸ் கோப்புறை. ஜேடிபிசி இயக்கிகள் தங்களை அங்கேதான் அறிவிக்கின்றன. மைஎஸ்கியூஎல் இயக்கியிலும் எஸ்கியூலைட் இயக்கியிலும் 'ஜாவா.எஸ்கியூஎல்.டிரைவர்' என்ற கோப்பு உண்டு. உள்ளே அவரவர் கிளாஸின் பெயர். ஒன்று மற்றொன்றை அழித்தால் இரு இயக்கிகளின் கிளாஸ்களும் ஜாரில் முழுதாக இருக்கும், ஆனாலும் 'பொருத்தமான இயக்கி இல்லை' என்ற பிழை வரும். ஜாரைத் திறந்து கிளாஸ் இருப்பதைப் பார்த்தவருக்குத் தலை சுற்றும்.

கிரேடிலின் புதிய பதிப்புகள் இத்தகைய இரட்டைக் கோப்பைக் கண்டால் கட்டுவதை நிறுத்திவிடும். உடனே பலரும் 'எக்ஸ்க்ளூட்' என்ற உத்தியை ஒட்டி வாயை அடைத்துவிடுகிறார்கள். இரண்டாவது கோப்பு சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. சர்வீசஸ் கோப்புகளை ஒன்றிணைக்க ஷேடில் அதற்கான டிரான்ஸ்ஃபார்மரும், ஷேடோவில் 'மெர்ஜ்சர்வீஸ்ஃபைல்ஸ்' என்ற வசதியும் உள்ளன.

நூலகம் டிஜிட்டல் கையொப்பம் இட்டதாக இருந்தால் கலந்த ஜார் இயங்க மறுத்து, கையொப்பக் கோப்பு செல்லாது என்னும். மெட்டா-இன்ஃபில் எஸ்எஃப், ஆர்எஸ்ஏ, டிஎஸ்ஏ நீட்சியுள்ள கோப்புகளை விலக்கினால் போதும்.

உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்

2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. மேவன் சென்ட்ரலில் மட்டும் 35,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் பாதிக்கப்பட்டிருந்ததாகக் கூகுள் கணக்கிட்டது. வழங்கிகளில் அந்த நூலகத்தின் ஜார் பெயரைத் தேடியவர்களுக்கு ஃபேட் ஜார்கள் பெரும் தடையாக இருந்தன. கலந்தபின் அந்தப் பெயரில் கோப்பே இருக்காது. 'ஜேஎன்டிஐலுக்அப்' என்ற கிளாஸை ஒவ்வொரு ஜாருக்குள்ளும் தேட வேண்டியிருந்தது.

ஆகவே உள்ளக நூலகத்தை நிறுவும்போது 'லோக்கல்', '1.0' என்று வாய்க்கு வந்த பெயரைக் கொடுக்காமல், அதன் உண்மையான குழுப்பெயரையும் பதிப்பெண்ணையும் தருவது முக்கியம். ஓட்டைகளைத் தேடும் கருவிகள் பல இந்தப் பெயர்களை வைத்தே ஒப்பிடுகின்றன. உரிமத்தையும் பார்க்க வேண்டும்: மைஎஸ்கியூஎல்லின் ஜாவா இயக்கி ஜிபிஎல் உரிமத்திலும் வருகிறது. அதை உள்ளே வைத்து நிரலைப் பிறருக்கு வழங்கினால் அந்த உரிமத்தின் நிபந்தனைகள் பொருந்தும்.

ஜார் தயாரானதும் 'ஜார் டிஎஃப்' கட்டளையால் உள்ளடக்கப் பட்டியலை எடுத்து, உள்ளக நூலகத்தின் கிளாஸ்கள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். பிறகு ஜாரை மட்டும் வேறொரு வெற்றுக் கோப்புறைக்கு நகர்த்தி, அங்கிருந்து இயக்கி, பில் அச்சிடும் பொத்தான் உட்பட ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்க வேண்டும். எதிர்முனையில் ஜாவாவே நிறுவப்படவில்லை என்றால் இந்த வேலை எதுவும் உதவாது. அங்கே ஜாவா 16 முதல் நிலையான வசதியாக உள்ள ஜேபேக்கேஜ் கருவி, இயங்குசூழலையும் சேர்த்து விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவியாகத் தரும்.