தங்கவயலில் மாசிப் பனி

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில் வாழும் நாம் இதன் உண்மையை ஆண்டுதோறும் உணர்கிறோம். சென்னையும் நம் ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன. எனினும் நாம் இருப்பது சுமார் 850 மீட்டர் உயரத்தில். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும்.

மற்றொரு காரணம், தெளிந்த வானம். பகலில் நிலம் ஏற்ற வெப்பம் இரவில் வானோக்கி அகல்கிறது. மேகம் இருப்பின் போர்வைபோல் அதனைத் தடுக்கும். மாசியிலோ மேகம் அரிது. குளிர்ந்த காற்று கனமுடையதாதலின் தாழ்நிலத்தில் தேங்குகிறது. அடுப்புப் புகையும் சயனைடு மண்மேட்டுத் தூசியும் அதனுள் அடைபடுகின்றன. உதகையில் புல்நுனியை உறையச் செய்வதும் இதே நிகழ்ச்சிதான்; உயரம் குறைந்த நம் ஊரில் குளிர் அவ்வளவு முற்றுவதில்லை.

அண்டையிலுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியாழத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்படும்வரை அங்கு உழைத்து, கல்தூசியால் நுரையீரல் நலிந்த முதியோர்க்கு இவ்விடியற்குளிர் பெரும் சோதனையாகும்.

அந்தியில் வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்திருப்பின், மறுநாள் விடியல் கடுங்குளிராகும் என அறியலாம். மேகம் சூழ்ந்தால் குளிர் தணியும். கடுங்குளிர் நாளில் முதியோர் வெயில் ஏறியபின் வெளிச்செல்வதே நன்று. பெங்களூர் வேலைக்காக வைகறை ரயிலுக்கு விரைவோர் காதையும் மார்பையும் கம்பளியால் மூடிச் செல்க. பங்குனி பிறந்தால் பனி விலகும். அதுவரை எச்சரிக்கையே நமக்குப் போர்வை.