காதுக்கு எட்டாத நாதம்

அரியக்குடி என்றதும் நமக்கு நினைவு வருவது சங்கீதம்தான். காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சிற்றூரில் 1890-ல் பிறந்த ராமானுஜ ஐயங்கார், ஊரின் பெயரே தம் பெயராக விளங்கும்படி பாடிப் புகழ் பெற்றார். 1958-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

அதே 1958-ல், கடல் கடந்த கிளாஸ்கோ நகரில், அயன் டொனால்ட் என்ற பிரசவ மருத்துவர் வேறொரு நாதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இது யார் காதுக்கும் கேட்காத நாதம்! அதை வயிற்றுக்குள் அனுப்பி, உள்ளேயிருக்கும் கட்டியையும் கருவையும் கத்தி வைக்காமலே படமாகப் பார்க்கலாம் என்று அவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். இன்று நம் வீட்டுப் பெண்கள் "ஸ்கான் எடுத்துவிட்டு வந்தேன்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்களே, அதன் பூர்வ கதை இதுதான்.

பானையைத் தட்டும் வித்தை

இது என்ன மாயம் என்கிறீர்களா? மாயமே இல்லை. சந்தையில் மண்பானை வாங்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறீர்கள். 'ணங்'கென்றால் நல்ல பானை. சத்தம் உடைந்து வந்தால் விரிசல். கண்ணுக்குத் தெரியாததை ஒலி சொல்லிவிடுகிறது. டொனால்ட் முதலில் பரிசோதித்துப் பார்த்த கருவியும், தொழிற்சாலையில் இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் கருவிதான்!

மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். ஸ்கான் கருவியின் ஒலியோ பல லட்சம் அதிர்வுகள் கொண்டது. 'புரோப்' என்னும் கைப்பிடிக் கருவிக்குள் இருக்கும் படிகம், மின்சாரம் பட்டதும் அதிர்ந்து ஒலியை அனுப்புகிறது. அது உடம்புக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் ஓடி, ஈரல், சிறுநீரகம், குழந்தையின் தலை என்று ஒவ்வொன்றின் மேலும் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. நடுவே காற்று இருந்தால் ஒலி போகாது. அதனால்தான் வயிற்றின்மேல் சில்லென்று களிம்பு தடவுகிறார்கள். எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் கிடையாது.

மூன்று மாதத்தில் உத்தியோகமா?

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். அரியக்குடியில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டீஸுடன் ஓடி வருகிறாள்.

"அப்பத்தா, மூணு மாசம் படிச்சாப் போதுமாம். அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் ஆகிடலாமாம்!"

"பணம் எம்புட்டு ஆத்தா கேக்குறாக?" என்பாள் அப்பத்தா. கொண்டுவிக்கப் போன ஆண்கள் திரும்பும்வரை வீட்டுக் கணக்கைக் கட்டிக் காத்த பரம்பரையல்லவா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "படிச்சு முடிச்சா அந்தக் கருவியை உன் கையில கொடுப்பாகளா?"

கொடுக்க மாட்டார்கள், அம்மா. கொடுக்கச் சட்டம் இடம் தராது.

அமெரிக்காவில் இதற்கென்றே படித்தவர்கள் ஸ்கான் எடுக்கிறார்கள். டாக்டர் படங்களைப் பார்த்து முடிவு சொல்கிறார். அவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று வழங்கும் அமைப்பு 1975 முதலே அங்கு இருக்கிறது. நம் நாட்டு ஏற்பாடு வேறு. 1994-ல் இயற்றி 1996-ல் அமலுக்கு வந்து, 2003-ல் மேலும் இறுக்கப்பட்ட சட்டத்தின்படி, ஸ்கான் நிலையம் அரசிடம் பதிவு பெறவேண்டும். ஸ்கான் எடுப்பவர் தகுதி பெற்ற டாக்டராக இருக்கவேண்டும். மேற்படிப்பு இல்லாத எம்.பி.பி.எஸ். டாக்டருக்கே ஆறு மாதத் தனிப் பயிற்சி தேவை என்று 2014-ல் விதி வகுத்தார்கள். டாக்டருக்கே ஆறு மாதம் என்றால், நோட்டீஸ் தரும் மூன்று மாதச் சான்றிதழ் எம்மாத்திரம்?

ஏன் இத்தனை கட்டுக்காவல்?

காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. தாயையும் சேயையும் காக்க வந்த கருவியை, வயிற்றிலிருப்பது பெண் என்று தெரிந்துகொண்டு அழிப்பதற்கும் பயன்படுத்தினார்கள். நம் தமிழ்நாட்டில் பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தை நாம் மறந்துவிட முடியுமா?

ஆகவே கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லாலோ, சைகையாலோ, வேறெந்த விதத்தாலோ யாரும் தெரிவிக்கக்கூடாது என்கிறது சட்டம். 'யாரும்' என்றால் டாக்டர் மட்டுமா? அறையில் உதவிக்கு நிற்கும் பெண்ணும் அதில் அடக்கம். "லட்டா, ஜிலேபியா?" என்று உறவினர் காதோடு கேட்டால், அவள் சிரித்துத் தலையசைப்பதும் குற்றமே. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நேர் வழி எது?

அப்படியானால் பெண்ணின் ஆசையைக் கிள்ளி எறிவதா? வேண்டாம். வழியை மாற்றிக் காட்டுங்கள். கதிரியக்கப் படப் பிரிவு என்று ஒரு முழுப் படிப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டு டிப்ளமா உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு, மருத்துவமனைப் பயிற்சியும் சேர்த்து நான்கு ஆண்டு பட்டப்படிப்பும் உண்டு. உடற்கூறு, கதிர்களின் இயல்பு, நோயாளியைக் கையாளும் முறை எல்லாம் கற்றுத் தேறியவள் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளைத் தன் கையால் இயக்கலாம். உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் சிறு பட்டை ஒன்றை மார்பில் அணிந்துகொண்டு வேலை செய்வாள்.

ஸ்கான் அறையிலும் அவளுக்கு வேலை உண்டு. பித்தப்பை பார்க்க வந்தவர் வெறும் வயிற்றோடு வந்தாரா, அடிவயிறு பார்க்க வந்தவர் தண்ணீர் குடித்துக் காத்திருந்தாரா என்று கவனிப்பது, கர்ப்பிணிகளுக்கான படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்புவது, கூச்சத்தோடு படுத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. கடைசியில் சொன்னதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். இருட்டு அறையில் நெஞ்சு படபடக்கப் படுத்திருந்த யாரைக் கேட்டாலும் அதன் அருமையைச் சொல்வார்கள்.

பணம் கட்டுமுன்

பெற்றோர்களே, மூன்று கேள்விகளை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: சான்றிதழ் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை? தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: எத்தனை மணி நேரப் பயிற்சி? மருத்துவத் துணைத் தொழில்களுக்காக 2021-ல் வந்த மத்தியச் சட்டம், குறைந்தது இரண்டு ஆண்டுகளில் 2,000 மணி நேரம் என்று அளவுகோல் வைத்திருக்கிறது. மூன்று மாதத்தில் அத்தனை மணி நேரத்தை எப்படி அடைப்பார்கள் என்று கேளுங்கள்!

மூன்று: பயிற்சி எந்த மருத்துவமனையில்? பெயரைச் சொன்னால், நேரே அங்கே போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

அரியக்குடிக்காரர்களுக்கு அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரான சிவகங்கையிலேயே 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. இந்த ஆண்டு அங்கே எந்தெந்தத் துணைப் படிப்புகள் உண்டு, விண்ணப்பம் எப்போது என்று ஒரு நடை போய்க் கேட்டு வரலாம். பஸ் செலவோடு போகும். மதுரையில் 1954 முதல் இருக்கும் மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்களே நிறைந்திருந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டராகத் தேறினார். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அவ்வளவு துணிச்சல் இருந்த சீமை இது. உங்கள் பெண்ணும் படிக்கட்டும், முழுசாகப் படிக்கட்டும். சந்தையில் நாலு காசுப் பானையைக்கூட நாம் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லையே. பெண்ணின் எதிர்காலத்தை ஒப்படைக்கப் போகும் இடத்தை நன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.